நடுத்தட்டு ஐஸ்

மே 12, திங்கள்

எட்டு மணிக்கே முதுகெல்லாம் ஊறல். அக்னி முடிய இன்னும் இரண்டு வாரம். மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும். எடுத்து வைத்துவிட்டு மறந்து வந்தேன்.

மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் மாஸ்டர் தெர்மாமீட்டர் இன்று கிண்டிக்குப் போனது, வருடாந்திரச் சோதனைக்கு. பெட்டியை நான்தான் பேக் செய்தேன். பேக்கிங்தானே இப்போது என் வேலை. திரும்பி வரப் பத்து நாள். அதுவரைக்கும், அளவைச் சரிபார்க்கும் காலிபரேஷன் ரூமில் ஐஸ்தான் சாட்சி. ஐஸ் சொல்வதுதான் சைபர்.

போன மே மாதமும் இதே பத்து நாள்தான்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. மறக்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கம்பெனி செய்வது எள் அளவு சென்சார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன லேப் பெட்டி ஒன்றுக்குள் போய் உட்கார்வது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் அந்தப் பெட்டிக்குள் சரியாக முப்பத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்ப்பது அந்த எள். எள் உண்மை சொல்கிறதா என்று பார்த்தது நான். பதினோரு வருடம்.

போன மே மாதம் நானூறு சென்சார் பெங்களூரு பார்ட்டியிடமிருந்து திரும்பி வந்தன. எல்லாமே பத்தில் ஒரு டிகிரி கூட்டிக் காட்டின. எல்லாமே ஒரே அளவு. ஒன்றிரண்டு தப்பினால் கை தப்பு. நானூறும் ஒரே அளவு தப்பினால் ஐஸ் தப்பு. இதைப் புரிந்துகொள்ள எஞ்சினியரிங் படிக்க வேண்டாம். ஃப்ரீசர் நடுத்தட்டில் நான் வைத்திருந்த டிஸ்டில்ட் ஐஸை யாரோ எடுத்துக்கொண்டு, ட்ரேயில் பைப் தண்ணியை ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். உப்புத் தண்ணி ஐஸ் சைபருக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். அதைச் சைபர் என்று வைத்தால் எல்லாம் கூட்டித்தான் காட்டும். எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் போர்வெல் தண்ணிக்குப் பக்கெட்டே வெள்ளை பூத்துப் போகிறது.

ஜெ. காதில் வாங்கவில்லை. ஜெகதீசன், புரொடக்‌ஷன் மேனேஜர், என்னைவிட ஆறு வயது சின்னவன். ஃபாரத்தை எடுத்தான், எழுதினான். "காரணம்: ஆபரேட்டர் தவறு. பெயர்: வசந்தி." மறு வாரம் நான் பேக்கிங் மேஜையில்.

அந்த நானூறை ஐஸில் போடுவதற்கு முந்தின நாள் அவன் மேஜையில் எலுமிச்சை ஜூஸ் இருந்தது. ஐஸ் மிதந்தது. ஃப்ரீசரில் என் ஐஸைத் தவிர வேறு ஐஸ் கிடையாது. என் ஐஸைக் குடித்துவிட்டு, ட்ரேயில் பைப் தண்ணியைப் பிடித்து வைத்துவிட்டு, என் பெயரையும் எழுதினான். அப்போதே சொல்லியிருக்கலாம். மேனேஜரைப் பார்த்து ஐஸ் திருடன் என்று எந்த வாயால் சொல்வது.

ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் அவனுக்குக் குட் மார்னிங் சொல்கிறேன்.

மே 13, செவ்வாய்

காலையில் லாரித் தண்ணி வரவில்லை. தலைக்குக் குளிக்காமல் போனேன்.

பதினொரு மணிக்கு அமுலு அக்கா டீ கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் எப்போதும் சர்க்கரை கம்மி, ஆடை எடுத்தது. கேட்டுப் போடுவதில்லை, அவளாகவே. பெருக்குவது, துடைப்பது, டீ போடுவது எல்லாம் அவள்தான். என்னைப் பேக்கிங்குக்குத் தள்ளின அன்று இந்தக் கம்பெனியில் அழுதது அவள் ஒருத்தி.

"இன்னாமா மொகம் இப்டி கீது? ராத்திரி தூங்கலியா?"

"கரண்ட் இல்ல அக்கா."

"எங்க ஊட்லயும் அதே கதைதான். ஏரிக்கரைல கொசு பிச்சி எட்துகினு பூட்ச்சி."

பிறகு ஜெ. வந்தான். வரும்போதே சிரிப்பு. அவன் சிரித்தால் காரியம் இருக்கிறது.

"வசந்தி மேடம், வெள்ளிக்கிழமை பெங்களூர்லர்ந்து வராங்க. காலிபரேஷனை நேர்ல பாக்கணுமாம். நானே பண்ணிக் காட்டப் போறேன்."

"சரி சார்."

"மாஸ்டர் வேற இல்ல. ஐஸ்ல போட்டு ரொம்ப நாளாச்சி. நீங்க அத எப்டி இடிப்பீங்க? பொடியாவா, கட்டியாவா?"

பதினோரு வருட வேலை, அரை நிமிடத்தில் கேட்கிறான். சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. துணியில் கட்டி இடிக்க வேண்டும். ரவை மாதிரி பொடி. ஃபிளாஸ்க்கில் அமுக்கி அமுக்கிப் போட வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது, தண்ணி விட வேண்டும். கண்ணாடி மாதிரி ஆனபிறகு இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

தண்ணியைப் பற்றி அவன் கேட்கவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? அது அவனே எழுதின விதியில் இருக்கிறது. என்னை அனுப்பிய கையோடு, பெங்களூருக்குக் காட்டுவதற்காகப் பத்து பாயிண்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு சுவரில் ஒட்டினான். ஏழாவது: "ஐஸ் தண்ணியின் உப்பை டி.டி.எஸ். பேனாவால் சோதித்த பிறகே தொடங்க வேண்டும். இதற்கு ஆபரேட்டரே முழுப் பொறுப்பு."

அந்தப் பேனா ஒரு வருடமாக என் பேக்கிங் டிராயரில் கிடக்கிறது, செல்லோடேப்புக்கு அடியில். யாரும் கேட்டதில்லை. பேட்டரியும் செத்துவிட்டது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம்.

மே 14, புதன்

மிக்ஸி ஜார் கொடுத்தாயிற்று. பிளேடு போய்விட்டதாம்.

பேனாவுக்குப் பேட்டரி வாங்கினேன். வாட்ச் கடையில் போடுகிற பட்டன் பேட்டரி. வீட்டில் சோதித்தேன்:

கேன் தண்ணி – 60
லாரித் தண்ணி – 400
கம்பெனி பைப், பாட்டிலில் பிடித்து வந்தது – 1800
டிஸ்டில்ட் – 2

இவர் ஷிப்ட் முடித்து ஆவடியிலிருந்து வந்தவர், லுங்கியோடு வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"என்ன வசந்தி, வாட்டர் கம்பெனி ஆரம்பிக்கப் போறியா?"

சொன்னேன். நினைத்திருப்பதையும் பாதி சொன்னேன். இவர் தட்டில் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

"போன வருசக் கதை. விட்டுத் தொலையேன்."

"உங்க பேரை எழுதியிருந்தா விடுவீங்களா?"

"எங்க ஃபேக்டரில தினம் ஒருத்தன் பேரை எழுதுறான். சாயங்காலம் கேன்டீன்ல ஒண்ணா வடை தின்றோம்."

இவருக்கு எல்லாம் வடைதான். எனக்கு அந்த ரூம் வேண்டும். அந்த ஏசி சத்தம், ஃபிளாஸ்க்கின் மூடி, மீட்டரில் கடைசி எண் அசையாமல் நிற்கும் அந்த நேரம். அதை என்னிடமிருந்து பிடுங்கினவன் அதே இடத்தில் சறுக்கி விழ வேண்டும், அதே நாளில், அதே ஐஸில், பெங்களூரு ஆள் முன்னால். ஃபாரத்தின் அந்தக் கட்டத்தில் அவன் பெயர் வர வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

செய்துவிட்டேன்.

நாலரை மணி. ஜெ. முதலாளி ரூமில். அமுலு அக்கா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நடுத்தட்டு ட்ரே வழக்கம்போல் நிறைந்திருந்தது. டிஸ்டில்ட் ஐஸ், ஜெ. காலையில் வைத்தது. ஸிங்க்கில் தட்டினேன். ஒவ்வொரு கட்டியும் விழுந்த சத்தம் இன்னும் காதில். பைப்பைத் திறந்து ட்ரேயை நிரப்பினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆபரேட்டர் கை.

அமுலு அக்கா திரும்பிப் பார்த்தாள். "அந்த ட்ரே ரொப்பணுமா? குடு, நான் பாத்துக்கறேன்."

"ஆச்சு அக்கா."

ட்ரேயின் முன்பக்கம் என் கையெழுத்தில் பழைய லேபிள், ஆங்கிலத்தில்: டிஸ்டில்ட், தொடாதே. மூன்று வருடம் முன்பு ஆடிட் வந்தபோது அழகாக இருக்கட்டும் என்று ஒட்டினது. மை வெளிறி, ஓரம் கிழிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் திரும்பக் கவிழ்த்துவிடலாமா என்று தோன்றியது. உடனே போன வருட ஃபாரம் நினைவுக்கு வந்தது. ட்ரேயை உள்ளே தள்ளினேன்.

நாளைக்கு எடுப்பது டெமோ லாட். ஐம்பதே ஐம்பது. பார்ட்டி சோதித்துப் பார்க்க மட்டும்தான், லேப் பெட்டிக்குள் போகாது என்று ஜெ.யே சொன்னான். இதை மூன்று முறை உறுதி செய்துகொண்டேன். குழந்தைகள் ரத்தத்தோடு எனக்குப் பகை இல்லை.

வேலை முடிந்து வேன் ஏறித் திருவேற்காடு கோயில். கூட்டம். அம்மன் முகம் சரியாகத் தெரியவில்லை, தலைகளுக்கு நடுவே ஒரு மூக்குத்தி. எலுமிச்சை மாலை வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அம்மனிடம் வைக்கலாமா தெரியவில்லை. மகிஷனை மிதித்தவளிடம் வேறு எதை வைப்பது.

மே 16, வெள்ளி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணி. யாரும் வருவதற்கு முன் காலிபரேஷன் மேஜையில், ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில், டி.டி.எஸ். பேனாவை வைத்தேன். புது பேட்டரியோடு. கண்ணில் படும்படி. அவன் எழுதின பத்து பாயிண்ட் தாளுக்கு நேர் கீழே. எடுத்து ஒரு தரம் தண்ணியில் விட்டிருந்தால் பிழைத்திருப்பான். அது என் நியாயம். எனக்கு அவன் கொடுக்காத அவகாசத்தை நான் அவனுக்குக் கொடுத்தேன்.

பத்தரைக்குப் பெங்களூரு பார்ட்டி. ஒரு பெண்தான் வந்தது. முப்பது வயதிருக்கும், ஓசூர்ப் பக்கம், நல்ல தமிழ். முதலாளி வாசல் வரை வந்து கூட்டிப்போனார். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். என் பேக்கிங் மேஜையிலிருந்து எல்லாம் தெரியும்.

ஜெ. ஐஸைத் துணியில் கட்டி இடித்தான். நான் சொன்ன மாதிரியே. நான் சொன்ன வார்த்தைகளையே அவளிடம் சொன்னான். "ரவை மாதிரி வரணும் மேடம், அதுல ஒரு டெக்னிக் இருக்கு." என் டெக்னிக்.

தண்ணி விட்டான், டிஸ்டில்ட் கேனிலிருந்து இல்லை, உருகிய ஐஸ் தண்ணியையே. அதையும் நான் எதிர்பார்த்தேன். கேன் காலி. ஸ்டோருக்குப் போய் எடுத்துவர அவனுக்குச் சோம்பல்.

பேனா? தன் டீ தம்ளரை வைக்க இடம் வேண்டும் என்று அதை ஓரமாகத் தள்ளினான். ஒரு விரலால். பார்த்தேன். என் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

இருபது நிமிடம். ஐம்பது சென்சாரையும் இறக்கினான். அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் திறந்தது. உள்ளே அவர்களுடைய சொந்த மாஸ்டர். இதை ஜெ. எதிர்பார்க்கவில்லை. நானும்தான். பார்ட்டி ஊருக்குப் போய்ச் சோதித்து, ஒரு வாரம் கழித்துத் தெரியவரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அம்மன் சீக்கிரம் வந்துவிட்டாள்.

"சார், உங்க ஐஸ் பாத் சைபர்ல இல்லையே. பாயிண்ட் ஒண்ணு கீழ இருக்கு."

"உங்க மாஸ்டர் டிராவல்ல கொஞ்சம் ஷேக் ஆயிருக்கும் மேடம்."

அவள் கோபப்படவில்லை. ஃபைலைப் புரட்டினாள். "போன வருஷம் திரும்பி வந்த நானூறும் இதே அளவுதான் சார். எல்லாமே ஒரே மாதிரி. அது கைத் தப்பு மாதிரியே தெரியல. பாத் தப்பு. அப்பவும் தண்ணிதான் காரணமா இருந்திருக்கும்."

டேப்பை அறுத்துக்கொண்டிருந்த என் கை நின்றது. நான் சொன்னதை, ஒரு வருடம் முன்பு நான் சொன்னதையே, ஒரு வெளி ஆள் முதலாளி காது படச் சொல்கிறாள். பாத்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு முகத்தில் தண்ணி அடித்தேன். அழுகையா சிரிப்பா, இரண்டும் வந்தது.

திரும்பி வந்தபோது அவள் பேனாவை எடுத்து ஃபிளாஸ்க்கில் விட்டிருந்தாள். ஆயிரத்து எழுநூறு. சுவரைக் காட்டினாள். "ஏழாவது பாயிண்ட் சார். கீழ கையெழுத்து உங்களோடதுதானே?"

ஜெ. முகம். அதை எழுத எனக்குத் தெரியவில்லை. தாளைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். முதலாளி தரையைப் பார்த்தார். சாப்பிட்டால்கூட இவ்வளவு நிறைவு வராது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல நாள்.

அவள் போன பிறகு. ஜெ. ஃப்ரீசரைத் திறந்து கத்தினான். "யாரு இந்த ட்ரேல பைப் தண்ணி ஊத்துனது?"

நான் வாயைத் திறப்பதற்குள், துடைப்பத்தோடு அமுலு அக்கா. "நாந்தான் சார் எப்பவும் ரொப்புவேன். காலியா கீதேன்னு."

"நேத்து ரொப்புனியா?"

"நெனப்பு இல்ல சார். ரொப்பிருப்பேன். நாந்தானே ரொப்புவேன்."

அவள் கையைப் பிடிக்காத குறையாக முதலாளியிடம் இழுத்துப் போனான். ஐந்து நிமிடம். வெளியே வந்தபோது அவள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாமாம். ஜெ. ஃபாரத்தை எடுத்தான், எழுதினான். "காரணம்: உதவியாளர் தவறு."

நான் எழுந்து நிற்கவில்லை. கையில் டேப். அட்டைப் பெட்டியை ஒட்டினேன். அதன் மேல் இன்னொரு தரம் ஒட்டினேன்.

மே 17, சனி

டீ இல்லை. ஜெ. கடையிலிருந்து வரவழைத்தான். ஒரே சர்க்கரை.

மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அயனம்பாக்கம். அமுலு அக்கா வீடு ஏரிக்கரைச் சந்தில், மூன்றாவது. ஒரே ரூம், சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பாயைத் தட்டி விரித்தாள். அக்கா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு மட்டும் மீன் குழம்பு ஊற்றினாள்.

சொல்லத்தான் போனேன். ட்ரேயில் ஊற்றியது நான் என்று. வாசலில் செருப்பை விடும்போதுகூடச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள்.

"உனுக்கு நான் பெரிய பாவம் பண்ட்டேன் வசந்தி. அந்தப் பெங்களூரு பொண்ணு சொல்லிச்சே, போன வர்சமும் தண்ணிதான்னு. அதுவும் நாந்தான்."

"எது அக்கா?"

"போன வர்சம் கரண்ட்டு பூட்ச்சே, மூணு மணி நேரம், அன்னிக்கு. எல்லாரும் வெந்துகினு கீறீங்களேன்னு லெமன் ஜூஸ் போட்டேன். ஐஸு அந்த ட்ரேல கீது. எட்த்து போட்டேன். ட்ரே காலியானா நீ வந்து தேடுவியேன்னு பைப்புல புட்ச்சி வெச்சேன். உனுக்கு வேலை மிச்சம் ஆவட்டும்னுதான்."

"லேபிள் ஒட்டியிருந்தேனே."

"அது இங்கிலீசுல்ல? நான் இன்னாத்த கண்டேன். பஸ்ஸு போர்டு தமிள்ல இருந்தா படிப்பேன்."

சோறு கையிலேயே காய்ந்தது.

"ஜூஸு உனுக்கும்தான் குட்தேன். ரெண்டு தம்ளர் குட்ச்சே. ஐஸு நல்லா கீதுன்னு நீயே சொன்னியே."

இல்லை என்றுதான் நினைத்தேன். நான் குடிக்கவே இல்லை. ஜெ. தம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து போன வருட டைரியைத் தேடி எடுத்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. மே மாதம். இருக்கிறது. என் கையெழுத்தில்: "கரண்ட் கட். புழுக்கம். அமுலு அக்கா ஜூஸ், இரண்டு தம்ளர். அப்பாடா."

அப்பாடா.

ஒரு வருடம் அவனை ஐஸ் திருடன் என்று திட்டினேன். என் ஐஸை நானே குடித்திருக்கிறேன். லேபிளை அவளுக்குத் தெரியாத மொழியில் எழுதினதும் நான்.

அமுலு அக்காவிடம் என் பங்கைச் சொல்லவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

மிக்ஸி ஜார் வந்தது. ஓடுகிறது, கத்துகிறது.

ஜெ. மேல் இருந்த கோபத்தைக் கழித்துப் பார்த்தேன். ஐஸை அவன் எடுக்கவில்லை. சரி, அது போகட்டும். ஆனால் தண்ணியைச் சோதிக்காமல் என் பெயரை எழுதியது யார் கை? இப்போதும் சோதிக்காமல் அமுலு பெயரை எழுதியது யார் கை? கழித்தாலும் மீதி நிறைய இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அதை விடமாட்டேன்.

என் மேல் இருப்பதை எங்கே எழுதுவது தெரியவில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சொன்னார்: "நாளைக்குப் போய்ச் சொல்லிடு. வேலை போனா போகுது. எனக்குச் சம்பளம் வருது." கொஞ்சம் கழித்து: "வடை போடேன்." போட்டேன்.

மே 19, திங்கள்

ஒன்பது மணிக்கே முதலாளி ரூம். ஜெ.யும் இருந்தான். கையில் பேனாவும், சுவரிலிருந்து உரித்த பத்து பாயிண்ட் தாளும் எடுத்துப் போனேன்.

"வியாழக்கிழமை ட்ரேல பைப் தண்ணி ஊத்துனது நான் சார். தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

ஜெ. நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"ஏன்மா?" முதலாளி.

"போன வருசம் தண்ணிதான் தப்புன்னு சொன்னேன். ஒருத்தரும் பாக்கல. என் பேரை எழுதினீங்க. இந்த வருசம் ஜெகதீசன் சார் பாக்குறாரான்னு பார்த்தேன். பேனாவை மேஜைலயே வெச்சேன். தம்ளர் வெக்க இடம் இல்லன்னு தள்ளிட்டாரு."

ஜெ. குதித்தான். "சார், இது சபோடேஜ் சார். போலீஸ் கேஸ் ஆவும்."

"ஆவட்டும் சார்," என்றேன். "ஏழாவது பாயிண்ட்டைப் படிங்க. ஆபரேட்டரே முழுப் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஆபரேட்டர் யாரு? தண்ணி ஊத்துனவங்க பேரை எழுதுறதா இருந்தா, போன வருசம் ஏன் என் பேரு? சோதிக்காதவங்க பேரை எழுதுறதா இருந்தா, இந்த வருசம் ஏன் அமுலு பேரு? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

தாளை மேஜையில் வைத்தேன். இரண்டு வருட ஃபாரத்தையும் முதலாளி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ஜெகதீசா, புது ஃபாரம் எடு. உன் பேரை எழுது."

எழுதினான். என் கண் முன்னால். "காரணம்: ஆபரேட்டர் தவறு. பெயர்: ஜெகதீசன்." கீழே இன்னொரு வரி, முதலாளி சொல்லச் சொல்ல: ட்ரேயைத் தெரிந்தே மாற்றியது வசந்தி. போன வருட ஃபாரத்தில் என் பெயரை முதலாளியே கோடு போட்டு அடித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீ பண்ணது மன்னிக்கிற விஷயம் இல்லம்மா. வேற நேரமா இருந்தா உன்னை வாசலோட அனுப்பிருப்பேன். ஆனா வியாழக்கிழமை அந்தப் பொண்ணு திரும்ப வருது. ஐஸ் யாரு போடுவா?"

ஜெ. ஜன்னலைப் பார்த்தான்.

"நாளைலர்ந்து ரூமுக்குப் போ. இன்னொரு தரம் இப்படி நடந்துச்சுன்னா, நானே கேஸ் குடுப்பேன்."

ஜெ. கதவைச் சாத்திய சத்தத்தில் காலண்டர் விழுந்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. எலுமிச்சை மாலை பாக்கி.

சாயங்காலம் நேரே அயனம்பாக்கம். முதலாளி ஆள் அனுப்பி, நாளைக்கு வரச் சொல்லிவிட்டாராம். அமுலு அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பு.

சொன்னேன்.

சிரிப்பு போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் தெரியாம ஊத்தினேன். நீ தெரிஞ்சுகினே ஊத்தினியா?"

"உங்களை மாட்டி வெக்க நெனைக்கல அக்கா. அவனை..."

"வெள்ளிக்கெளம நான் அயுதுகினு போனப்ப நீ பாத்துகினு தானே இருந்தே? சனிக்கெளம இங்க குந்திகினு என் கையால கொயம்பு துன்னே. அப்பவும் சொல்லல."

"அக்கா..."

"மூணு நாளு எனுக்குச் சோறு எறங்கல வசந்தி. உன் பொயப்ப நான்தான் கெட்த்தேன்னு."

உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. என்னை வா என்றும் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

மேகம். மழை இல்லை. ரூம்.

ஏசி அதே சத்தம். நாற்காலியை யாரோ உயரம் மாற்றியிருக்கிறார்கள். ஃபிளாஸ்க்கைக் கழுவினேன், மூன்று தரம். டிஸ்டில்ட் ஊற்றி ட்ரேயை வைத்தேன். பழைய லேபிளைச் சுரண்டி எடுத்தேன், நகம் வலித்தது. புதிது, தமிழில், பெரிய எழுத்தில்: "இது குடிக்கிற ஐஸ் இல்லை. காலியானால் நிரப்ப வேண்டாம். வசந்தியிடம் சொல்லவும்."

ஜெ. இன்று பேக்கிங் மேஜைப் பக்கம் நின்று ஸ்டாக் எண்ணினான். என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நன்றாக, நிறுத்திப் பார்த்தேன்.

பதினொரு மணி. அமுலு அக்கா வந்துவிட்டாள். ஃப்ரீசரைத் திறந்தாள், பால் பாக்கெட்டுக்காக. லேபிள் முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். "வ-சந்-தி-யி-டம் சொல்-ல-வும்." கதவை மெதுவாகச் சாத்தினாள்.

டீ வந்தது. முதலாளிக்கு, அக்கவுண்ட்ஸுக்கு, ஸ்டோருக்கு. ஜெ.க்கு, கேட்டுச் சர்க்கரை போட்டு. காலிபரேஷன் ரூம் கதவு திறந்துதான் இருந்தது. தாண்டிப் போனாள். தட்டில் ஒரு தம்ளர் மிச்சம் இருந்தது, ஆடை எடுக்காமல்.